சீலன் ரொக் பாடகன் ஆனதும் நான் வெளியே நின்றதும்

1

ஜெயசீலன் என்னைக் கழற்றிவிட்டான். முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல், ஒரு வார்த்தை பேசாமல் கழற்றிவிட்டான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அவனைத் தெரியும். போன மாதம் முழுக்க உங்கள் போன்களில் ஓடிய வீடியோவில், கறுப்பு ரீசேட் போட்டுக்கொண்டு, மின்சாரக் கிற்றாரைத் தோளில் தொங்கவிட்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கரைவலைப் பாட்டுப் பாடுகிற நரைத்த தலைக்காரன் அவன்தான். வேட்டியும் மண்டலினுமாக நாட்டுப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்த மன்னார்க்காரன் லண்டனில் ரொக் பாடகன் ஆகிவிட்டான் என்று நீங்கள் எல்லோரும் பெருமைப்படுகிறீர்கள். படுங்கள். உங்களைப் பிழை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் பெயர் யூஜின். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. சீலனின் பழைய வீடியோக்களில் அவனுக்கு இடப்பக்கம் தாளத்தோடு நிற்கிற, பாதி முகம் வெட்டுப்பட்ட ஆள் நான்தான்.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறேன். பஸ் ஓட்டுகிறேன். இரண்டு கிழமைக்கு முதல் ஒருநாள் மத்தியான இடைவேளையில் பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது மன்னாரில் இருந்து போன் வந்தது. என் சித்தப்பாவின் மகன் பிலிப்.

"யூஜின் அண்ணை, உங்கட சிநேகிதன் கலக்கிறார் என்ன?"

"ஓம்."

"சரியான சத்தம். ஆனா கேக்க நல்லாக் கிடக்கு. எங்கட பெடியள் விடிஞ்சாப் பொழுதுபட்டா அதுதான்."

"ஓம்."

"நீங்கள் ஏன் அண்ணை அதில இல்லை? பாட்டை விட்டிட்டியளோ?"

"நான் விடேல்ல."

"அப்ப?"

எனக்கு வாயில் சோறு இருந்தது. அவன் விடவில்லை. "கடைசிப் பாட்டில கூட்டத்துக்குள்ள இருந்து ஒராள் கத்துறார் அண்ணை. ஆளைத் தெரியேல்ல. குரல் உங்கடை மாதிரிக் கிடக்கு. நீங்களோ?"

"பஸ் எடுக்க நேரமாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நேரம் ஆகவில்லை. மிச்சச் சோற்றை மூடி வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

சீலனும் நானும் லண்டனில் முதல்முதல் மேடை ஏறி இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம். அவனுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பிலிப்புக்குப் போனில் சொல்லாததை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

2

கரைவலை இழுக்காதவர்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது.

வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்போம். ஒரு கயிற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர். ஒருவன் பாட்டை எடுத்துக் கொடுப்பான். அதற்கு அம்பாப் பாட்டு என்று பெயர். அவன் ஒரு அடி பாடுவான். அந்த நேரம் நாங்கள் மூச்சு வாங்கி, காலை மணலில் ஊன்றிக்கொள்வோம். பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் அடி பாடுவோம். கயிற்றை இழுப்பது அந்தப் பதிலில்தான். அவன் பாடும்போது கயிறு அசையாது. நாங்கள் பாடும்போதுதான் கயிறு வரும். வலையைக் கரைக்குக் கொண்டுவந்தது எங்களுடைய பதில்.

எங்கள் கயிற்றில் பாட்டு எடுத்துக் கொடுத்தவன் சீலன். பதினேழு பதினெட்டு வயது. அவனுக்குக் குரல் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. பாட்டு எடுத்துக் கொடுக்கிறவன் முழுப் பலத்தோடு இழுக்கத் தேவையில்லை. கயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றால் போதும். என் கை தோலுரிந்து இருக்கும். அவன் கை பள்ளிக்கூட வாத்தியாரின் கை மாதிரி இருக்கும். மீன் பங்கு இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

"நீ ஒருநாளைக்கு இழுத்துப் பார், நான் பாடுறன்" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ பாடினா மீன் திரும்பிப் போயிடும் மச்சான்" என்றான். கயிற்றில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அந்த வேலையில் ஒரு சட்டம் இருந்தது. பதில் முழுக்க முடியும்வரை, எடுத்துக் கொடுக்கிறவன் அடுத்த அடியைத் தொடங்கக்கூடாது. அவசரப்பட்டுத் தொடங்கினால் பாதிப் பேர் கையைத் தளர்த்துவார்கள், பாதிப் பேர் இழுத்துக்கொண்டு நிற்பார்கள். கயிறு வழுக்கும். உள்ளங்கைத் தோல் கழன்றுவிடும். அதனால் அவன் காத்துக்கொண்டு நிற்பான். சீலன் மற்ற எதற்கும் காத்திராதவன், அதற்குமட்டும் காத்து நின்றான். அதில் அவனைக் குறை சொல்ல ஏலாது.

ஊரைப்பற்றி எனக்கு உருக்கமாக எழுத வராது. வெயில், உப்பு, முதுகுநோ. நான் அந்தக் கரையை விட்டு வந்ததற்கு ஒருநாளும் அழவில்லை.

3

லண்டனில் சீலனை நான் திரும்பச் சந்தித்தது ஸ்ட்ரெதத்தில், தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில். அவன் டெலிவரி வான் ஓட்டிக்கொண்டிருந்தான், வீடு வீடாகச் சாமான் கொடுக்கிற வேலை. கட்டிப்பிடித்தான். "எங்கயடா இருந்தனீ இவ்வளவு நாளும்?" என்றான். பக்கத்துத் தெருவில் இருந்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் தெரியாது.

கோயில் ஒன்றுகூடலில் பாடச் சொல்லிக் கேட்டார்கள். அவன் மண்டலின் வாசிக்கப் பழகியிருந்தான். "நான் எடுத்துக் குடுக்கிறன், நீ பதில் சொல்லு" என்றான். பதினைந்து பேர் சொன்ன பதிலை இங்கே நான் ஒருவன் சொன்னேன். கயிறு இல்லை, இழுப்பதற்கு ஒன்றும் இல்லை, என்றாலும் என் தோள் தானாகப் பின்னுக்குப் போகும். மேடையில் அதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு கலியாண வீடு, திருநாள், பிறந்தநாள், லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் இருந்து எங்கள் மிச்சம் வரைக்கும் கூப்பிட்ட இடமெல்லாம் போனோம். அவனைத்தான் கூப்பிடுவார்கள். "சீலன் அண்ணையும் ஆளும் வருகினம்" என்பார்கள். அந்த ஆள் நான். எனக்கு அது கனகாலம் உறைக்கவில்லை.

முதல்முதல் உறைத்தது கவுன்சிலில், அதாவது இங்குள்ள நகரசபையில். எங்கள் பகுதிக் கலை விழாவில் பாட இடம் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு நேர்முகம். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, நல்ல பிள்ளை, முன்னால் கம்பியூட்டரை வைத்துக்கொண்டு கேட்டாள். சீலன் என்ன செய்கிறார்? பாடுகிறார், மண்டலின் வாசிக்கிறார். நீங்கள்? நான் என் இங்கிலீஷில் சொன்னேன்: இவர் பாடின பிறகு நான் பாடுவேன். அதே பாட்டையா? இல்லை, பதிலை. இவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா? இல்லை. பிறகு எதற்குப் பதில்? நான் கயிற்றைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கயிறும் மேடைக்குக் கொண்டுவருவீர்களா, அப்படியென்றால் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன என்றாள். நான் கையால் இழுத்துக் காட்டினேன். அவள் சீலனைப் பார்த்தாள்.

சீலன் சொன்னான்: "பேக்கிங் வோக்கல்."

அவள் சந்தோசமாக அதைத் தட்டிக்கொண்டாள். நிகழ்ச்சித் தாளில் சீலனின் பெயர் பெரிதாக வந்தது. கீழே, "துணைக் குரலுடன்" என்று இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். துணைக்குப் பெயர் இல்லை.

"ஏனடா அப்பிடிச் சொன்னனீ?" என்று திரும்பி வரும்போது டிராமில் கேட்டேன்.

"அவளுக்குக் கயிறு விளங்காது மச்சான். விளங்கிற மாதிரி ஒண்டைச் சொல்லவேணும்."

"எனக்கு விளங்கேல்லையே."

"உனக்கு என்னத்துக்கு விளங்கவேணும்? உனக்குத் தெரியும்தானே" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக்கூடாது.

4

போன வருடம் பூசை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நிற்கும்போது சொன்னான்: "மச்சான், இனி வேற மாதிரிச் செய்யப்போறன்."

"என்ன மாதிரி?"

"சத்தமா."

மைக்கை மாற்றப்போகிறான் என்று நினைத்தேன். நல்லதுதான் என்றேன். அவன் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வா என்று அவன் கூப்பிடவில்லை. நான் இரண்டு தரம் போன் எடுத்தேன். "வேலை கூட மச்சான்" என்றான்.

மிச்சத்தை நான் அறிந்தது என் மகளிடம் இருந்து.

ரொஷானிக்குப் பத்தொன்பது வயது. இங்கே பிறந்தவள். என்னோடு இங்கிலீஷில் கதைப்பாள், அப்பா என்ற ஒரு சொல்லைத் தவிர. பள்ளிக்கூடத்தில் ட்ரம்ஸ் பழகினாள், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் நானும் சீலனும் பாடின ஒரு நிகழ்ச்சியிலாவது அவள் முழுக்க இருந்ததில்லை. சின்ன வயதில் மேசைக்குக் கீழே படுத்துவிடுவாள். பெரியவளானதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு வராமலே விட்டுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளை வற்புறுத்தினால் மிச்சமிருக்கிறதும் போய்விடும்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரம்ஸ் குச்சிகளோடு வெளியே போகத் தொடங்கினாள். எங்கே என்று கேட்டேன்.

"சீலன் மாமாஸ் கராஜ்."

"அங்க என்ன?"

"பேன்ட், அப்பா. ஐ தோட் யூ நியூ."

எனக்குத் தெரியும் என்று நினைத்தாளாம். லண்டனில் உள்ள தமிழர் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. என் மகளும், அவளோடு படித்த டொம் என்ற தலைமயிர் நீட்டின வெள்ளைப் பெடியனும், சீலனும். மூன்று பேர் கொண்ட இசைக்குழு. நான் இல்லை.

ஒருநாள் அவளை ஏற்றப்போகும் சாட்டில் ஸ்ட்ரெதத்துக்குப் போனேன். தெரு முனையிலேயே கேட்டது. பஸ் எஞ்சின் மூடியைத் திறந்துவிட்டு அதற்குள் தலையைக் கொடுத்த மாதிரி ஒரு உறுமல். காலடியில் இருக்கிற ஒரு பெட்டியை மிதித்தால் கிற்றார் அப்படி உறுமுமாம். அதற்கு மேலே சீலனின் குரல், எங்கள் கரைவலைப் பாட்டு. அவன் ஒரு அடி பாடினான். நான் பதில் சொல்லும் இடத்தில் டொம் என்கிற அந்தப் பெடியன் கிற்றாரால் பதில் சொன்னான். என் பதிலையே, என் இழுவையோடு, நான் முடிக்கிற இடத்தில் முடித்து.

நான் காரைவிட்டு இறங்கவில்லை. சாவியைக்கூட எடுக்கவில்லை.

கராஜ் கதவு திறந்தது. ரொஷானி வியர்வையில் குளித்து, வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள். சீலன் அவள் தலையில் தட்டி ஏதோ சொல்ல இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம். காருக்குள் ஏறியதும் முகத்தை மூடி வைத்துவிட்டாள், கடைக்காரன் ஷட்டரை இழுத்துவிடுகிற மாதிரி.

வீட்டில் என் மனைவி ரீட்டாவிடம் கத்தினேன். ஒரு பறை தட்டத் தெரியாதவன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், பாட்டைக் கொலை செய்கிறான், பிள்ளைகளைக் கெடுக்கிறான், இந்த வயதில் கறுப்பு ரீசேட் என்னத்துக்கு என்று.

ரீட்டா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "பாட்டு எப்பிடி இருந்தது?" என்றாள்.

"என்ன?"

"நல்லாயிருந்ததோ இல்லையோ?"

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"நல்லாயிருந்திருக்கு" என்றாள். "அதுதான் இந்தக் கத்து. உங்களுக்குப் பொறாமை. வாயைத் திறந்து சொல்லிப்போட்டுப் போங்கோ, வயித்துக்குள்ள வச்சிருந்தாச் சமிக்காது."

சரி. வாயைத் திறந்தே சொல்கிறேன். பொறாமைதான். அந்தப் பாட்டு நன்றாக இருந்தது. மண்டலினோடு நாங்கள் பாடிய அத்தனை வருடமும் அது கலியாண வீட்டில் ஆட்கள் சாப்பிடும்போது பின்னால் கேட்கிற பாட்டு. அந்தக் கராஜுக்குள் அது கடல் மாதிரிக் கேட்டது. அவன் செய்தது துணிச்சலான வேலை. அந்தத் துணிச்சலுக்குள் எனக்கு இடம் இருக்கவில்லை என்பதுதான் என்னைச் சுட்டது.

இன்னொன்று. சீலனின் கராஜ் சத்தத்தைப்பற்றி யாரோ கவுன்சிலுக்கு அறிவித்தார்கள். அதிகாரி ஒருவர் வந்து சத்தத்தை அளந்து, ஞாயிறு பின்னேரம் மட்டும் என்று நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அறிவித்தது நான் என்று கோயிலில் கதை அடிபட்டது. நான் இல்லை. செய்யவேண்டும் என்று நினைத்தேன். கவுன்சில் போன் எடுக்கும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாததால் விட்டுவிட்டேன். அறிவித்தது சீலனின் பக்கத்து வீட்டுக்காரன். அவனே இப்போது அவர்களின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்து வருகிறானாம்.

5

நீங்கள் வீடியோவில் பார்த்த நிகழ்ச்சி எங்கள் கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ரீட்டா வெளிக்கிட்டதும் பின்னால் போனேன்.

அந்த மண்டபத்துச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது. அயலவர்களுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று பொருத்தியது. சத்தம் அளவாக இருந்தால் பச்சை வெளிச்சம். கூடினால் மஞ்சள். இன்னும் கூடினால் சிவப்பு. சிவப்பு அணையாமல் நின்றால் மேடைக்கு மின்சாரம் தானாக நின்றுவிடும். நானும் சீலனும் பாடிய காலத்தில் அது பச்சையைத் தாண்டியதே இல்லை. அந்தப் பெட்டி வேலை செய்கிறதோ என்று சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு நேரே பார்த்து ஒரு கதிரையில் இருந்தேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், வேலையில் பச்சை வரவேண்டும் என்று நினைப்பேன். அன்றைக்குச் சிவப்புக்காக நேர்ந்துகொண்டேன். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவதாகக்கூட மனதுக்குள் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

முதல் பாட்டிலேயே மஞ்சள். எனக்கு உசார் வந்தது. இரண்டாம் பாட்டில் சிவப்பு ஒருமுறை எட்டிப்பார்த்தது. ரொஷானி ஒரு கண்ணைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்ததும் கண் இமைக்குமுன் கையை மெதுவாக்கினாள், மஞ்சளுக்கு வந்தது, திரும்ப உரமாக அடித்தாள். விளிம்பிலேயே வைத்து ஓட்டினாள். அவளுக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், அது என் வேலை நிதானம். பெருமையாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கதிரைகளில் இருந்த பெடியளும் பெட்டையளும் எழும்பிவிட்டார்கள். தமிழ் ஒரு சொல் வாயில் வராத பிள்ளைகள் சீலன் பாடும் அடியைத் திருப்பிக் கத்தினார்கள். முன்வரிசையில் இருந்த பாதர் காதைப் பொத்திக்கொண்டு காலால் தாளம் போட்டார். எனக்குப் பக்கத்தில் ஒரு மனிசன், தமிழ்நாட்டுக்காரர், டாக்டர் என்று பிறகு சொன்னார்கள், என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "ஆமா, இவர் முன்னாடி தனியாத்தான் பாடிட்டு இருந்தாரா?"

"இல்லை" என்றேன்.

"யார் கூட?"

"ஒராளோட."

6

கடைசிப் பாட்டு, கொண்டல் காற்றுப் பாட்டு. நாங்கள் கயிற்றில் நின்று பாடியது. எங்களுக்கு இரண்டு பேருக்கும் அதைவிடப் பழைய பாட்டு இல்லை.

"கொண்டல் காத்துக் கூடி வருகுது" என்று சீலன் எடுத்தான். டொம் பதில் சொல்வான் என்று பார்த்தேன். அவன் கிற்றாரில் கையை வைத்து அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். பதில் இல்லை. ரொஷானியின் ட்ரம்ஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சீலன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒரு பதில் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் நின்றான். பிறகு இரண்டாவது அடியை எடுத்தான்.

மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டாவது அடிக்குப் பிறகும் அதே வெறுமை. மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் அந்தப் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர், ஒருவன் மேடையில், ஒருவன் மூன்றாவது வரிசையில்.

என் வாய் திறந்துவிட்டது. "ஏலேலோ, இழுத்து வா ராசா" என்று கத்தினேன். மைக் இல்லாமல், இருந்த இடத்தில் இருந்தபடியே. தோளும் பின்னுக்குப் போனது. டாக்டரின் நெஞ்சில் இடித்துவிட்டேன்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில பெடியள் சிரித்தார்கள். குடிவெறிகாரன் யாரோ கத்துகிறான் என்று நினைத்திருப்பார்கள். ரீட்டா இரண்டு வரிசை முன்னால் இருந்து திரும்பி என்னைக் கண்டு வாயில் கையை வைத்தாள்.

முதல்தரம் தானாக வந்தது. அடுத்த தரத்துக்கு அந்தச் சாட்டுச் சொல்லமாட்டேன். அடுத்த தரம் எழும்பி நின்றேன். சீலன் மூன்றாவது அடியைப் பாடி முடித்ததும் ட்ரம்ஸ் சட்டென்று இறங்கியது, பெரிய மேளத்தின் அடி மட்டும், நெஞ்சு அடிப்பதுபோல. அந்த இறக்கத்துக்குள் நான் என் பதிலைப் பாடினேன். முழுதாகப் பாடினேன். நான் முடிக்கும்வரை அவன் அடுத்த அடியைத் தொடங்கவில்லை. வேண்டுமென்று கடைசி இழுவையை நீட்டிப் பார்த்தேன். அதற்கும் காத்து நின்றான். கண்ணைத் திறக்கவே இல்லை.

அப்படியே பாட்டு முடியும்வரை, அவன் மேடையில், நான் கீழே.

பிறகு கைதட்டல். சீலன் மைக்கைப் பிடித்து நன்றி சொன்னான். பாதருக்கு, மண்டபத்தைத் திறந்து தந்தவருக்கு, தேத்தண்ணி ஊற்றிய அக்காமாருக்கு, கவுன்சில் அதிகாரிக்குக்கூட. எனக்கு இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவனைச் சுற்றி ஆட்கள். ஒருமுறை என் பக்கம் பார்த்தான் என்று ரீட்டா சொல்கிறாள். நான் காணவில்லை.

7

காரில் ரொஷானி முன்சீட்டில். காதில் ஒன்றும் மாட்டவில்லை, அது அதிசயம்.

"அந்த இடத்தில கிற்றார் ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

"நாங்களும் கேட்டனாங்கள் அப்பா." அவள் தமிழில் பேசினாள், கஷ்டப்பட்டு. "டொம் அதுக்க நல்ல சோலோ ஒண்டு செய்தவன். ரியலி குட். சீலன் மாமா வேண்டாம் எண்டிட்டார்."

"ஏனாம்?"

அவள் சீலனின் குரலிலேயே சொன்னாள், ஒரு எழுத்துப் பிசகாமல்: "அது ஆள் இருக்கிற இடம்."

பின்சீட்டில் ரீட்டா மூச்சை இழுத்துவிட்டாள்.

"எந்த ஆள்? பெயர் சொன்னவரோ?"

"நோ."

"ட்ரம்ஸை ஏன் இறக்கினனி?"

"அவர் கையைக் காட்டினவர். பின்னால, இப்பிடி." அவள் உள்ளங்கையைக் கீழே அமத்திக் காட்டினாள். பிறகு, "அப்பா, யூ வேர் லவுட்" என்றாள். "கிற்றாரை விட லவுட்."

அவள் என் பாட்டைப்பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. அதை நான் சீலனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இப்போது வீடியோவுக்கு வருகிறேன். அதில் நான் தெரியமாட்டேன். கமரா மேடையை விட்டு அசையவில்லை. என் குரல் மட்டும் இருக்கிறது. வீடியோவின் கீழே, ஊரில் இருந்தும் கனடாவில் இருந்தும் ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்: யார் அந்தக் குரல்? ஒருவர் இல்லை, பல பேர். ஒரு பிள்ளை அது பதிவு செய்து போட்ட குரலா என்று கேட்கிறாள். ஒருவர் செத்துப்போன யாரோ ஒரு பழைய பாடகரின் குரல் என்று அடித்துச் சொல்கிறார். சீலன் அத்தனை கேள்விக்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கிறான். பதில் எழுதவில்லை. மண்டலின் எங்கே என்று கேட்டவனுக்கு மூன்று வரி எழுதியிருக்கிறான்.

நான் அவனோடு இதைத் தனியாகக் கதைக்கலாம் என்று பாதர் சொல்கிறார். வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டால் தீர்ந்துவிடும் என்று ரீட்டா சொல்கிறாள். தீராது. தனியாகக் கதைத்தால் அவன் என் தோளில் தட்டி, "உனக்குத் தெரியும்தானே மச்சான்" என்பான். எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? என் பெயர் இல்லாமல் போனது எல்லோருக்கும் முன்னால். அது திரும்பி வருவதும் எல்லோருக்கும் முன்னால்தான் வரவேண்டும்.

சீலன், இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். மூன்று பேராக ஒரு புதுச் சத்தத்தைக் கட்டினாய், அதற்குள் ஒரு வெறும் இடத்தை விட்டாய், அது ஆள் இருக்கிற இடம் என்று என் பிள்ளைக்குச் சொன்னாய். எனக்குச் சொல்லவில்லை. கயிற்றில் நின்ற பழக்கத்தில் உன் உடம்பு தானாகக் காத்து நின்றதென்றால் அதைச் சொல். செத்துப்போன யாருக்காகவோ விட்ட இடமென்றால் அவர் பெயரைச் சொல், நான் மூன்றாவது வரிசையில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன், டொம் அதற்குள் கிற்றார் வாசிக்கட்டும். எனக்காக விட்டதென்றால் ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

பூசை முடிந்து தேத்தண்ணியோடு என் காதுக்குள் சொல்லாதே. அந்த வீடியோவுக்குக் கீழே, அத்தனை பேரும் கேட்டிருக்கிற இடத்தில், எழுத்தில் போடு: அந்த ஆள் யார்?